குரங்கம்மை: நம்ம திருநெல்வேலிப் பக்கம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

கடையம் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலையை விட்டு வந்த பிறகும் ரேஷன் கடை வரிசை, மினி பஸ், பூக்கடை என்று எங்கே நின்றாலும் கேள்விகள் மட்டும் விடவில்லை. குரங்கம்மையைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் பேச்சிலேயே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

"சிஸ்டர், இது குரங்குட்ட இருந்து வருதா? பேரே அப்படித்தானே இருக்கு?"

அந்தப் பேரில் இருக்கிற இரண்டு சொல்லுமே ஆளைத் திசை மாற்றி விடும். முதலில் 'குரங்கு'. 1958-ல் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகனில், ஆய்வுக்கூடத்துக்காகக் கொண்டுவந்து வைத்திருந்த குரங்குகளுக்குக் கொப்புளம் கொப்புளமாக வந்தது. அந்தக் கொப்புளத்தில்தான் இந்த வைரஸை முதலில் பார்த்தார்கள், அதனால் குரங்கு பேர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் குரங்கும் நம்மை மாதிரி நோய் வாங்கிக்கொள்கிற பிராணிதான். ஆப்பிரிக்கக் காடுகளில் இருக்கிற அணில், எலி வகைகள்தான் இந்த வைரஸைச் சுமக்கின்றன என்ற சந்தேகம் ரொம்ப நாளாக இருக்கிறது. 2003-ல் அமெரிக்காவில் நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு வந்தபோதும், கானா நாட்டிலிருந்து இறக்கிய எலி வகைகளோடு ஒரே இடத்தில் அடைத்து வைத்திருந்த வளர்ப்புப் பிராணிகளிடமிருந்துதான் வந்தது. அங்கே குரங்கே கிடையாது.

மனிதருக்கு வந்தது முதன்முதலில் 1970-ல் தெரிந்தது. காங்கோ நாட்டில் ஒன்பது மாதக் கைக்குழந்தை. இந்தப் பேரால் ஆட்களைக் கேலி செய்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 நவம்பரில் 'எம்பாக்ஸ்' என்று மாற்றிவிட்டது. ஆனால் நம்ம ஊரில் எம்பாக்ஸ் என்று சொன்னால் ஏதோ மிட்டாய் டப்பா என்று நினைப்பார்கள். அதனால் இங்கே குரங்கம்மை என்றே எழுதுகிறேன்.

இரண்டாவது சொல் 'அம்மை'. அது உண்மைதான். அழிந்துபோன பெரியம்மை வைரஸும் இதுவும் ஒரே குடும்பம், அது அண்ணன், இது தம்பி. ஆனால் நம்ம வீடுகளில் அம்மை என்றதும் நினைவுக்கு வருவது சின்னம்மை. அதற்கும் அம்மைக் குடும்பத்துக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அது அக்கி வரவைக்கிற வைரஸ். இந்தக் குழப்பத்தால் வருகிற தொல்லையைக் கீழே சொல்கிறேன்.

"அப்போ குற்றாலத்துல குரங்கு பிராண்டினா ஒண்ணும் ஆகாதா?"

ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவே இல்லை! நம்ம ஊர்க் குரங்குகளிடமிருந்து குரங்கம்மை வந்ததில்லை. ஆனால் குரங்கு கடித்தாலோ பிராண்டினாலோ வெறிநோய்ப் பயம் உண்டு. உடனே குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும், காசு கிடையாது. குரங்கம்மைக்குப் பயந்து குரங்கைக் கல்லால் அடிக்கப் போனால்தான் கடி வாங்குவீர்கள்.

"பேப்பர்ல குரங்குக் காய்ச்சல்னு போட்டிருந்தான். அதுதானா இது?"

அது வேறு. குரங்குக் காய்ச்சல் 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டுப் பக்கம் முதலில் தெரிந்தது. உண்ணி கடித்து வருவது, அதில் குரங்குகளே கொத்தாகச் செத்து விழும். கொப்புளம் போடாது. பேரில்தான் இரண்டிலும் குரங்கு.

"எப்படித்தான் தொத்தும்? கொரோனா மாதிரி இருமினா வந்துருமா?"

இதைத்தான் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த வைரஸ் பெரும்பாலும் தோலில் இருந்து தோலுக்கும், தோலில் இருந்து துணிக்கும், துணியில் இருந்து இன்னொரு தோலுக்கும் போகிறது. கொப்புளத்தில் இருக்கிற நீர், சீழ், காய்ந்து உதிர்கிற பொருக்கு, நம்ம ஊரில் பக்கு என்போமே, அது எல்லாவற்றிலும் வைரஸ் இருக்கும். தொடுவது, கட்டிப்பிடிப்பது, முத்தம், உடலுறவு, ஒரே பாயில் படுப்பது, ஒரே போர்வை, ஒரே துண்டு, ஒரே சவரக்கத்தி இவையெல்லாம் அதற்குப் பாதை. வாயிலும் தொண்டையிலும் புண் இருக்கும், அதனால் முகத்துக்கு முகம் வைத்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தால் எச்சில் துளி வழியாகவும் வரலாம். கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் போகும்.

அதனால் இது தெருவில் போகிறவருக்குப் பிடிக்கிற நோயாக இல்லாமல், வீட்டுக்குள் பிடிக்கிற நோயாக இருக்கிறது. நோயாளியைத் தூக்கி உட்கார வைக்கிற அம்மாவுக்கும், கூடப் படுக்கிற தம்பிக்கும், அழுக்குத் துணியை அள்ளுகிற மருமகளுக்கும்தான் முதலில் வரும். பாதிக்கப்பட்டவர் படுக்கை விரிப்பை எடுத்து வாசலில் நின்று பட்பட்டென்று உதறுவார்கள் பாருங்கள், அதைச் செய்யவே கூடாது. பொருக்குத் தூள் பறக்கும். விரிப்பை உதறாமல் உள்பக்கமாகச் சுருட்டி, கையுறை போட்டு, சுடுதண்ணீரிலும் சோப்புப் பொடியிலும் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். அந்தத் துணியைச் சலவைக்கு வெளியே கொடுக்காதீர்கள். கையுறை இல்லையென்றால் மளிகைக் கடைப் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள், நாங்களே அப்படிச் செய்த நாட்கள் உண்டு. பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

"நெல்லை எக்ஸ்பிரஸ்ல பக்கத்து சீட்டுல ஒருத்தனுக்குக் கொப்புளம் இருந்துச்சு. எனக்கு வந்திருக்குமா?"

தொடாமல், துணி படாமல் உட்கார்ந்திருந்தால் வாய்ப்பு ரொம்பக் குறைவு. அவர் தலை உங்கள் தோளில் சாய்ந்து தாம்பரம் வரை தூங்கியிருந்தால் கதை வேறு. அப்படியானால் 21 நாள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

"சீசன்ல அருவியில குளிச்சா பரவுமா? அவ்வளவு கூட்டமா நிக்கோமே."

விழுகிற தண்ணீர் பரப்பாது. ஆனால் குளித்துவிட்டு வந்து நான்கு பேர் ஒரே துண்டில் துவட்டுகிறோமே, அதுவும், அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் செய்கிறார்களே, அதுவும்தான் யோசிக்க வேண்டியவை. மசாஜ் செய்கிற அண்ணாச்சி ஒரு நாளில் எத்தனையோ முதுகைத் தேய்க்கிறார். அவர் கையில் கொப்புளம் இருந்தாலோ, வருகிறவர் முதுகில் இருந்தாலோ, எண்ணெயோடு சேர்த்துத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். பயந்து குற்றாலம் போகாமல் இருக்க வேண்டாம். ஆளுக்கொரு துண்டு கொண்டு போனால் போதும். தோலில் என்னவென்று தெரியாத பொரிப்பு இருந்தால் மசாஜ் வேண்டாம், செய்கிறவருக்கும் அதுதான் மரியாதை.

"எத்தனை நாள்ல தெரியும்? எப்படி ஆரம்பிக்கும்?"

வைரஸ் உள்ளே போய் மூன்று நாளிலிருந்து 21 நாளுக்குள் தெரியும், பலருக்கு ஒன்று இரண்டு வாரத்தில். காய்ச்சல், தலைவலி, முதுகுவலி, சதைவலி, எழுந்து நடக்க முடியாத அசதி. அதோடு கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டும். பிறகு பொரிப்பு. முதலில் தட்டையாகச் சிவந்து, அப்புறம் மேடாகி, நீர் கோத்து, சீழ் பிடித்து, கடைசியில் பொருக்குத் தட்டும். முடிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும்.

2022-க்குப் பிறகு உலகத்தில் பரவின வகையில் இந்த வரிசை மாறியிருக்கிறது. காய்ச்சலே இல்லாமல் பிறப்புறுப்பிலோ மலவாயிலோ வாயிலோ ஒன்றிரண்டு கொப்புளம் மட்டும் வந்தவர்களும் உண்டு. "ஏதோ சூட்டுக் கொப்புளம்" என்று விட்டுவிடுகிற இடம் அதுதான்.

"சின்னம்மையா இதான்னு நாங்க எப்படிப் பிரிச்சுப் பாக்க?"

உறுதியாகப் பிரிக்கிறது பரிசோதனைதான், கண் பார்வை இல்லை. ஆனாலும் நான் பார்க்கிற முறையைச் சொல்கிறேன். சின்னம்மையில் முத்து அலை அலையாக வரும். ஒரே இடத்தில் ஒன்று இப்போதுதான் சிவக்கும், ஒன்று நீர் கோத்திருக்கும், ஒன்று காய்ந்துபோயிருக்கும். மார்பு, வயிறு, முதுகில் அதிகம், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிது. நெறி கட்டுவதும் பெரிதாக இருக்காது. குரங்கம்மையில் ஒரு இடத்துக் கொப்புளங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். தொட்டால் கெட்டியாக, ஆழத்தில் பதிந்த மாதிரி, நடுவில் தொப்புள் மாதிரிக் குழியாக இருக்கும். முகம், கை, கால், உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாவற்றிலும் வரும். அரிப்பை விட வலி அதிகம், அரிப்பு ஆறும்போதுதான்.

பிள்ளைகளுக்குக் கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் வந்தால் தக்காளிக் காய்ச்சல் என்கிறோமே, அது பெரும்பாலும் வேறொரு வைரஸால் வருகிற கை, கால், வாய் நோய். உள்ளங்கையில் கொப்புளத்தைப் பார்த்ததும் குரங்கம்மை என்று அலறிவிடாதீர்கள். எனக்கு இவ்வளவு வருஷ வேலையில் கண்ணை நம்பி ஏமாந்த அனுபவம் உண்டு. சொறி சிரங்கைக்கூட அம்மை என்று ஒரு தடவை வேப்பிலை வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள், ஒரு வாரம் வீணாகப் போயிற்று.

"அம்மா இறங்கியிருக்கான்னா ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதுங்கா எங்க ஆச்சி. என்ன செய்ய?"

இதுதான் நான் முன்னே சொன்ன தொல்லை. ஆச்சியோடு சண்டை போடாதீர்கள், அவர்கள் சொல்வதில் பாதி சரி. அம்மை போட்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுவார்கள், வெளி ஆள் வரக் கூடாது. நோயாளிக்குத் தனிப் பாய், தனித் தட்டு. தாளிக்க மாட்டார்கள், எண்ணெய் வாடை ஆகாது. நொங்கு, பயினி (பதநீர்), இளநீர், மோர், கூழ் கொடுப்பார்கள். நோயாளியைத் தனியே வைப்பதும், தண்ணீர்ச் சத்துக் குறையாமல் பார்ப்பதும் இன்றைக்கும் டாக்டர் சொல்வதுதான். வைரஸ் என்ற சொல்லே இல்லாத காலத்தில் அதைக் கண்டுபிடித்தவர்கள் அசடுகள் இல்லை.

ஆனால் சில வழக்கங்கள் இந்த நோய்க்குப் பொருந்தாது. ஒன்று, மருந்தே கூடாது என்பது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கொடுத்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். இரண்டாவது, தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றியதும் முடிந்துவிட்டது என்று வெளியே விடுவது. குரங்கம்மையில் கடைசிப் பொருக்கும் உதிர்ந்து, அடியில் புதுத் தோல் வருகிற வரைக்கும் தொத்தும். தலைக்குத் தண்ணீர் ஊற்றின நாளை வைத்து அதைச் சொல்ல முடியாது. மூன்று, வேப்பிலையை அரைத்துப் புண்ணில் அப்புவது. புண்ணைச் சுத்தமாக, காய்ந்த நிலையில் வைத்தாலே ஆறும், ஈரமாக எதையாவது அப்பினால் சீழ் பிடிக்கும். வருடிக்கொடுத்த வேப்பங்கொழுந்தைத் தெருவில் வீசாமல் மூடிய பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள், பொருக்கு ஒட்டியிருக்கும். நான்கு, அம்மாவைப் பார்த்துக் கும்பிட வருகிற அக்கம்பக்கம். வாசலில் நின்றே கும்பிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று: கூழும் மோரும் மட்டும் கொடுத்து மூன்று வாரம் ஓட்டினால் புண் ஆறச் சத்து இருக்காது. பருப்பு, பால் கொடுங்கள். முட்டை வீட்டுக்குள் நுழையக் கூடாது என்றால் பாசிப்பயறு அவித்துக் கொடுங்கள், அதில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

"சந்தேகம்னா எங்க போகணும்? ஊர் பூரா தெரிஞ்சிருமே."

முதலில் 104-க்கு ஒரு போன் போடுங்கள், சுகாதாரத் துறையின் உதவி எண். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் சரி, அவர்கள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். போகும்போது முகக்கவசம் போட்டு, கொப்புளத்தை முழுக்கைச் சட்டையாலோ சேலை முந்தானையாலோ மூடிக்கொள்ளுங்கள். கூட்ட பஸ் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் வெளிநோயாளி வரிசையில் நிற்காமல், முதலில் பார்க்கிற செவிலியரிடம் "கொப்புளம் இருக்கு, இந்தச் சந்தேகம்" என்று சொல்லிவிடுங்கள். கொப்புளத்தைத் துடைத்த பஞ்சிலோ பொருக்கிலோ பிசிஆர் பரிசோதனை செய்வார்கள். ரத்தத்தை விடக் கொப்புளம்தான் சரியாகச் சொல்லும். நாட்டில் இதற்குத் தலைமை ஆய்வுக்கூடம் புனேயில் இருக்கிற தேசிய வைராலஜி நிறுவனம்.

"மருந்து உண்டா?"

இதைக் கொல்லுகிற உறுதியான மாத்திரை இன்னும் கையில் இல்லை. பெரியம்மைக்காகச் செய்த டெகோவிரிமேட் என்ற மருந்தை நம்பியிருந்தார்கள். காங்கோவில் அதைச் சோதித்து 2024-ல் முடிவு வந்தது, கொப்புளம் ஆறும் நாளை அது குறைக்கவில்லை. ஆனால் அதே சோதனையில் இன்னொன்று தெரிந்தது. மருந்து சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்கள் இரண்டு தரப்பையும் ஆஸ்பத்திரியில் வைத்து நன்றாகக் கவனித்ததில், இறந்தது நூற்றுக்கு 1.7 பேர்தான். அந்த நாட்டில் வழக்கமாக 3.6 அல்லது அதற்கும் மேலே. தண்ணீர்ச் சத்து, வலி மாத்திரை, புண் பராமரிப்பு, சீழ் பிடித்தால் அதற்கு மருந்து, இவ்வளவுதான் கொடுத்தார்கள். செவிலியர் வேலை செய்த எனக்கு இந்தச் செய்தியைப் படித்தபோது ரொம்பப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வீட்டில் செய்யக்கூடியது: உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பது, நகத்தை ஒட்ட வெட்டுவது, சொறியாமல் இருப்பது, கொப்புளம் உள்ள இடத்தில் சவரம் செய்யாமல் இருப்பது. கண்ணில் வலியோ சிவப்போ வந்தாலும், மூச்சு வாங்கினாலும், குழப்பமாகப் பேசினாலும் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

"செத்துருவாங்களா?"

பெரும்பாலோர் தானாகவே குணமாகிறார்கள். வைரஸில் இரண்டு பெரிய பிரிவு உண்டு. இரண்டாம் பிரிவில் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, 2022-ல் உலகெல்லாம் போனது அதுதான். முதல் பிரிவு கொஞ்சம் கடுமை. சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், எச்ஐவி-க்கு மருந்து சாப்பிடாதவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

"எனக்குச் சின்ன வயசுல அம்மை குத்தின தழும்பு கையில இருக்கே. பயமில்லைல்லா?"

எல்லாரும் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டுகிற கேள்வி இது. எந்தத் தழும்பு என்று முதலில் பார்க்க வேண்டும். பெரியம்மைக்குக் குத்தின ஊசி இதற்கும் ஓரளவு உதவும். காங்கோவில் பழைய ஆய்வுகளில் நூற்றுக்கு 85 அளவுக்குப் பாதுகாப்பு இருந்ததாகக் கண்டார்கள். ஆனால் இத்தனை வருஷம் கழித்து அது குறைந்திருக்கும். இந்தியாவின் கடைசிப் பெரியம்மை 1975-ல், 1980-ல் உலகத்தையே விட்டு ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அதை ஒட்டி அந்த ஊசியை நிறுத்திவிட்டார்கள். ஆகவே அதற்குப் பிறகு பிறந்தவர்கள் யாருக்கும் அம்மை குத்தின தழும்பு கிடையாது. அவர்கள் இடது தோளுக்குக் கீழே காட்டுவது பிறந்ததும் போட்ட பிசிஜி தழும்பு. அது காசநோய்க்கு, குரங்கம்மையோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. போன தலைமுறை ஆட்களுக்கு இரண்டும் இருக்கலாம்.

குரங்கம்மைக்கு எம்விஏ-பிஎன் என்ற ஊசி இருக்கிறது, நான்கு வார இடைவெளியில் இரண்டு தடவை. 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஒப்புதல் கொடுத்தது. ஆனால் நம்ம சுகாதார நிலையத்தில் எல்லாருக்கும் போடுகிற ஊசி வரிசையில் அது இல்லை. "எனக்கும் ஒண்ணு போட்டுவிடு மைனி" என்று கேட்டு வந்தவர்களை நான் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"மகன் துபாய்ல இருந்து வாரான். அவன் மூலமா வருமோ?"

கடையநல்லூர், மேலப்பாளையம், காயல்பட்டினம் பக்கம் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. கேட்பதில் தப்பில்லை. இந்தியாவின் முதல் நோயாளியே ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்து 2022 ஜூலையில் கொல்லத்துக்கு வந்தவர். கொல்லம் என்றால் செங்கோட்டையில் ரயில் ஏறினால் மலையைத் தாண்டி அந்தப் பக்கம். அவர் நேரே டாக்டரிடம் போனார், குணமாகி வீடு திரும்பினார். அதே மாதக் கடைசியில் திருச்சூர்ப் பக்கம் ஒரு இளைஞர் இறந்தார். அவருக்கு வெளிநாட்டிலேயே நோய் உறுதியாகியிருந்தது, அந்தப் பரிசோதனை முடிவு ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தது கடைசி நேரத்தில்தான். 2024 செப்டம்பரில் முதல் பிரிவின் புது வகை இந்தியாவில் முதலில் தெரிந்ததும் மலப்புரத்தில், அவரும் அமீரகத்தில் இருந்து வந்தவர்.

அதனால் உங்கள் மகனிடம் ஒன்றுதான் சொல்ல வேண்டும்: "அங்கே கொப்புளம், காய்ச்சல் இருந்தால் மறைக்காதே, பரிசோதனைக் காகிதத்தைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டாதே." உடம்பு நன்றாக இருக்கிறவனை விமான நிலையத்தில் இருந்து வந்ததும் திண்ணையில் உட்கார வைத்துச் சந்தேகப் பார்வை பார்க்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் இந்த நோய்க்காக 2024 ஆகஸ்டில் இரண்டாம் தடவையாக அறிவித்த சுகாதார நெருக்கடி நிலையை 2025 செப்டம்பரில் விலக்கிக்கொண்டது. நோய் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

"தப்பு வழியில போறவங்களுக்குத்தான் வரும்னு சொல்லுதாவளே?"

2022-ல் உலகத்தில் நிறையப் பரவினது உடலுறவு வழியாக, அதிலும் ஆண்களோடு உறவு வைத்துக்கொள்கிற ஆண்களிடையே. அதை மறைக்க வேண்டாம், தெரிந்தால்தான் அவர்கள் காத்துக்கொள்ள முடியும். ஆனால் அதே வைரஸ் காங்கோவில் தாய் மடியில் கிடந்த பிள்ளைக்கும் வந்தது. வைரஸ் யாரையும் வழி விசாரித்துப் பிடிக்கிறது இல்லை, தோல் பட்டால் போதும். நாம் வாய்க்கு வந்தபடி பேசினால் கொப்புளம் வந்தவர் டாக்டரிடம் போக மாட்டார், அதோடு அவர் வீடும் சேர்ந்து மாட்டும். ஆணுறை இதை முழுதாகத் தடுக்காது, ஏனென்றால் கொப்புளம் உறை மூடாத இடத்திலும் இருக்கும். இருந்தாலும் குணமான பிறகும் 12 வாரம் ஆணுறை போடச் சொல்கிறார்கள்.

"பக்கத்து வீட்டுல உறுதியாயிடுச்சு. நாங்க வீட்டைக் காலி பண்ணணுமா?"

வேண்டாம். நீங்கள் அவரைத் தொட்டிருந்தால், துணியை எடுத்திருந்தால், 21 நாள் தினமும் காய்ச்சல், பொரிப்பு பாருங்கள். அந்த நாட்களில் ரத்த தானம் வேண்டாம். தொடவில்லை என்றால் சோறு பொங்கித் தூக்குவாளியில் வாசலில் வைத்துவிட்டு வாருங்கள். வாளி திரும்பி வந்தால் சோப்புப் போட்டுச் சுடுதண்ணீரில் கழுவினால் போதும்.

"குலசை தசராவுக்கு மாலை போட்டிருக்கேன். புண்ணு ஆறிடுச்சு, ரெண்டு மூணு பக்கு மட்டும் பாக்கி. வேஷம் கட்டலாமா?"

கட்டக் கூடாது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில் காளி வேஷமோ குறவன் வேஷமோ, வாடகை உடை பல பேர் உடம்பில் ஏறி இறங்குகிறது. முகத்தில் பூசுகிற வர்ணத்தையும் பஞ்சையும் ஒரு குழுவே பகிர்ந்துகொள்கிறது. சடைமுடி, நெற்றிப்பட்டம், எல்லாம் வியர்வையோடு மாறி மாறிப் போகும். அதிலே உங்கள் இரண்டு பக்கும் உதிர்ந்தால் குழு முழுக்கத் தேட வேண்டி வரும். முத்தாரம்மன் என்ற பேருக்கே முத்தை ஆற்றுகிறவள் என்றுதான் எங்கள் பக்கம் விளக்கம் சொல்வார்கள், ஆறும் வரை அவளே பொறுப்பாள். சூரசம்ஹாரத்துக்குள் கடைசிப் பக்கும் விழுந்து, அடியில் தோல் வழுவழுவென்று வந்துவிட்டால் சொந்தத் துணியில், சொந்த வர்ணத்தில் கட்டிக்கொள்ளுங்கள். விழவில்லை என்றால், வீடு வீடாகப் போய்க் காணிக்கை பிரிக்கிறதை இந்த வருஷம் தம்பியிடம் விட்டுவிடுங்கள். ஆனால் உங்கள் மாலையை அவன் கழுத்தில் போட்டு அனுப்பாதீர்கள், அவனுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்.